பத்து லட்சத்து ஒன்று

பத்து லட்சத்து ஒன்று என்ற எண்ணின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எண் என்ன செய்யும் பாவம், அது தன் பாட்டுக்கு இருக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள். வாஸ்தவம்தான். கோபப்பட வேண்டிய ஆட்கள் வேறு இருக்கிறார்கள். ஒருவரையும் விடப்போவதில்லை, வரிசையாக வருகிறேன். அதற்கு முன்னால் மீதியக்கா யார் என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. எங்கள் அலுவலகத்தில் நிரந்தர ஊழியர் ஓய்வு பெற்றால் கூட்டம் போட்டு, அவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஒருவர் மைக்கில் வாசிப்பார். நாள் முழுக்கத் தூங்கியே முப்பது வருஷம் ஓட்டியவனுக்குக்கூட ‘அயராத உழைப்பாளி’ என்று ஒரு வரி உண்டு. தற்காலிக ஊழியர் போனால் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வதோடு சரி.

அக்காவும் நானும் தண்ணீர் மீட்டர் அளவெடுப்பவர்கள். வீட்டு வாசலில் தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி இருக்கும். கொக்கி போட்டு அதைத் தூக்கினால் உள்ளே சேறு, கரப்பான், சில நாள் தவளை, எல்லாவற்றுக்கும் அடியில் மீட்டர். கண்ணாடியைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து எண்ணைப் படிக்க வேண்டும். ஒருவர் குனிந்து படிப்பார், மற்றவர் நின்றபடி தாளில் எழுதுவார். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வாசல். நாய் நம் முழங்காலை மோந்துகொண்டிருக்கும்போது மாடியில் நின்று “அது ஒண்ணும் பண்ணாது” என்று சொல்கிற வீட்டுக்காரர்கள் தனி. பண்ணுமா பண்ணாதா என்பது நாய்க்கும் முழங்காலுக்கும் தெரியும், இவருக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டு வருஷம் நாங்கள் ஒரே தடத்தில் நடந்தோம். அக்கா எண்ணைப் படிக்கும்போது கூடவே ஒன்று சொல்வார். “நாலு, எட்டு, ஏழு, ரெண்டு, மூணு. மீதி ஆறு, மீதி நாலு.” நான் எழுதிய இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்தால் ஆறு மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம். அவசரத்தில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் கூட்டல் மாறாதே, ஒன்பது ஏமாந்துவிடுமே? அதற்குத்தான் இரண்டாவது மீதி. வலது கோடியிலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மறுபடி கூட்டி, மறுபடி கழித்துக்கொண்டே போனால் பதினொன்றால் வகுத்த மீதி வந்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் அது காட்டிக்கொடுக்கும். மற்ற ஜோடிகள் மேல் மாதம் இரண்டு புகார் வரும். எங்கள் தாளில் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை. அதற்கு அலுவலகம் கொடுத்த பரிசு, ‘மீதியக்கா’ என்ற பட்டப்பெயர். அதிலும் ஒரு நமுட்டுச் சிரிப்பு இருக்கும்.

எண்களோடு அவருக்குச் சின்ன வயதிலேயே சகவாசம். அப்பா சரக்கு ரயில் யார்டில் வண்டி எண் குறிப்பவர். மதியச் சாப்பாடு கொண்டுபோகும் சிறுமி, நகர்ந்து போகிற ஒவ்வொரு பெட்டியின் நீளமான எண்ணையும் பெட்டி மறைவதற்குள் எதனாலாவது வகுத்துப் பார்ப்பாளாம். பள்ளியில் கணக்கில் முதல் ஆளாகத் தேறி, கல்லூரியில் கணிதத்துக்கு இடமும் கிடைத்தது. வீட்டில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றார்கள். யாரை அனுப்பினார்கள் என்று சொல்லவே தேவையில்லை. அந்தத் தம்பி இப்போது ஏதோ பெரிய கம்பெனியில் மேலாளர். தொண்ணூற்றொன்றை ஏழால் வகுக்கச் சொன்னால் போனை எடுப்பார். ஒருமுறை என் கண்ணெதிரே எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அக்காதான் சிரித்தார்.

அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். ஒரே மகள். கணக்கு என்றால் அவளுக்கு வேப்பங்காய். “என் ரத்தத்துல வந்தது எல்லாம் அவளுக்கு மூக்கு மட்டும்தான்” என்பார் அக்கா.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். பெரிய மருத்துவமனை ஒன்றின் மொத்த மீட்டரை ஒருநாள் படித்தோம். 999983. அக்கா வழக்கம்போல மீதிகளைச் சொன்னார், ஆனால் எழுந்திருக்கவில்லை. “இது வகுபடாதுன்னு தோணுது” என்றார். அன்றிலிருந்து பதினோரு மதிய இடைவேளைகள், சாப்பாட்டு டப்பா மூடியை ஓரம் தள்ளிவிட்டு வகுத்துக்கொண்டே இருந்தார். ஆயிரத்துக்குள் இருக்கிற பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. ஒன்று விடாமல் அத்தனையாலும் வகுத்தார். ஒன்றிலும் சரியாகப் போகவில்லை.

“வகுபட்டா என்ன, வகுபடாட்டி என்ன? தண்ணி வருதா இல்லையா?” என்று கேட்டேன்.

“தண்ணி அது பாட்டுக்கு வரும்” என்றார். “ஒரு எண் உடையும்னா ரெண்டு ஆளாப் பெருகித்தானே ஆகணும்? ரெண்டு பேருமே ஆயிரத்துக்கு மேல இருந்தா பத்து லட்சத்தைத் தாண்டிடும். அதனால ஒருத்தன் ஆயிரத்துக்குள்ள எங்கயாவது ஒளிஞ்சிருப்பான். அங்க மட்டும் தேடினாப் போதும். ஆனா கடைசி வரைக்கும் தேடணும் தம்பி. பாதியில நிறுத்திட்டு இல்லைன்னு சொன்னா, அது தேடினதே இல்ல.”

கேட்டுக்கொண்டேன். தலையாட்டினேன். என் தலைக்கு ஆடத் தெரியும்.

போன வருஷம் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. தற்காலிக ஊழியர்களுக்குத் தேர்வு. நூறு கேள்வி, நூறு மதிப்பெண். எழுபது எடுத்தவர்கள் அத்தனை பேரும் நிரந்தரம். எடுக்காதவர்கள் பழையபடி தற்காலிகம். கடைசி வரியைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்: நாற்பத்தைந்து வயது முடிந்த தற்காலிக ஊழியர்களின் பணி, வருஷ முடிவோடு நிறுத்தப்படும். எனக்கு நாற்பது. அக்காவுக்கு அந்த வருஷம்தான் நாற்பத்தைந்து முடிகிறது. பதினேழு வருஷம் சேற்றுக்குள் தலையை விட்ட மனுஷிக்கு ஒரே ஒரு தேர்வு, ஒரே ஒரு தடவை. தேறினால் வேலை, தேறாவிட்டால் வீடு.

அந்தத் தேர்வின் நாற்பத்து மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம். ‘கீழ்க்கண்டவற்றுள் பகா எண் எது?’ அ) 1001, ஆ) 10001, இ) 100001, ஈ) 1000001.

நான் அதற்கே இருபது நிமிஷம் செலவழித்தேன். முதலாவது ஏழால் போனது. மூன்றாவது பதினொன்றால் போனது, கூட்டிக் கழித்தால் பூஜ்யம். இரண்டாவது கொஞ்சம் அலைக்கழித்தது, எழுபத்து மூன்றில் உடைந்தது. நான்காவதை ஏழில் தொடங்கி ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனேன். எண்பத்து மூன்று இல்லை. எண்பத்தொன்பது இல்லை. தொண்ணூற்றேழும் இல்லை. நூறு வந்துவிட்டது, கை வலித்தது, மற்ற மூன்றும் உடைந்தாகிவிட்டது, பிறகென்ன? ‘ஈ’ வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். கணக்கில் புலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

முடிவு வந்தது. எனக்குச் சரியாக எழுபது. அக்காவுக்கு அறுபத்தொன்பது.

பட்டியலைப் பார்த்துவிட்டு அக்கா தன் விடைத்தாள் நகலை எடுத்தார். நாற்பத்து மூன்றாவது கேள்விக்கு நான்கு வட்டங்களும் வெள்ளையாக இருந்தன.

“ஏன்கா விட்டுட்டீங்க? சும்மா எதையாவது கறுத்திருக்கலாமே!”

“முதல் பக்கத்துல என்ன போட்டிருக்கு? நாலுல எதுவும் சரியில்லைன்னா எல்லாத்தையும் காலியா விடணும்னு போட்டிருக்கா இல்லையா? படிச்சியா நீ?”

படிக்கவில்லை. யார் படிக்கிறார்கள் முதல் பக்கத்தை?

“ஈ பகா எண்தானேக்கா? நான் நூறு வரைக்கும் பாத்தேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் திட்டே இல்லை. மீட்டர் தாளின் பின்பக்கத்தில் 1000001 என்று எழுதி, வலது கோடியிலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகக் கோடு போட்டுப் பிரித்தார். ஒன்று. பூஜ்யம். பூஜ்யம். ஒன்று. “பதினொண்ணுக்கு ஒவ்வொரு இலக்கமா கூட்டிக் கழிப்போமே, அதே மாதிரி ரெண்டு ரெண்டா கூட்டிக் கழிச்சா நூத்தியொண்ணோட மீதி வரும். ஒண்ணு கூட்டு. பூஜ்யம் கழி. பூஜ்யம் கூட்டு. ஒண்ணு கழி. என்ன மிச்சம்?”

ஒன்றுமில்லை. நூற்றொன்று பெருக்கல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. என் தொண்ணூற்றேழுக்கு அடுத்த பகா எண் நூற்றொன்று. ஒரே ஒரு படி. அந்த ஒரு படியை நான் ஏறவில்லை. கேள்வி எழுதிய நிபுணரும் ஏறவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற நிபுணர், இரண்டு இலக்கத்தோடு கடையைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். நானாவது தேர்வறையில் கடிகாரத்தைப் பார்த்தபடி செய்தேன். அந்த ஆளுக்கு என்ன கேடு? மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இன்னொரு முறை வகுத்தால் விரல் தேய்ந்துவிடுமா?

அக்கா மனு எழுதினார். ஒரே பக்கம். மேலே கேள்வி, நடுவில் பெருக்கல், கீழே ‘முதல் பக்க அறிவுரைப்படி காலியாக விட்டதே சரியான விடை’. என்னிடம் நீட்டினார்.

“நீயும் ஒரு கையெழுத்துப் போடு தம்பி. நான் மட்டும் போட்டா தோத்தவ புலம்புறான்னு தூக்கிப் போட்டுடுவாங்க. பாஸான ஆள் ஒருத்தர் சொன்னா கேப்பாங்க.”

“பாக்கலாம்கா. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்” என்றேன்.

வீட்டில் எதையும் கேட்கவில்லை. என் பயம் இது: ‘ஈ’ தப்பு என்று ஆகிவிட்டால் என் எழுபது அறுபத்தொன்பது ஆகிவிடுமே! எதற்கு வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள வேண்டும்? நாலு நாள் நழுவினேன். அக்கா ஐந்தாவது நாள் தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். என்னை எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல மூடியைத் தூக்கி, எண்ணைப் படித்து, இரண்டு மீதியையும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறைக்குள் நான் போனதே இல்லை. உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது. பன்னிரண்டு வருஷம் ‘ஏய்’ என்று கூப்பிட்ட வாய், அன்று “வாங்க தம்பி” என்றது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

“உங்க கூட வேலை பாக்குற அம்மா ஒரு மனு போட்டிருக்காங்க. தெரியுமா?”

“தெரியும் சார்.”

“கேள்வி எழுதினவர் யாரு தெரியுமா? தலைமை அலுவலகத்துல பெரிய ஆள். அவர் பகா எண்ணுன்னு சொல்றார், இந்தம்மா இல்லைங்குது. சரி, அதை விடுங்க. நான் உங்களைப் பத்தித்தான் கவலைப்படறேன். இந்தக் கேள்வியை ரத்து பண்ணிட்டா என்ன ஆகும்? நீங்களே கணக்குப் போடுங்க. உங்களுக்கு அறுபத்தொன்பது. மொத்தம் தொண்ணூத்தொன்பது. சதவீதம் எவ்வளவு?”

கால்குலேட்டரை என் பக்கம் நகர்த்தினார். தட்டினேன். 69.69 என்று தொடங்கி இடமிருக்கும் வரை ஓடியது. எழுபது இல்லை.

“பாத்தீங்களா?” என்று ஒரு தாளை எடுத்து வைத்தார். ஏற்கெனவே தட்டச்சு செய்து தயாராக இருந்தது. ‘நாற்பத்து மூன்றாம் கேள்விக்கு நான் அளித்த விடையை நானே வகுத்துச் சரிபார்த்தேன். 1000001 ஒரு பகா எண் என்று உறுதி கூறுகிறேன்.’ அடியில் என் பெயர்.

எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு துரும்புகூட எனக்கு இல்லை. அதே கால்குலேட்டர் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஏழு பூஜ்யம் தட்ட வேண்டாம், ஐந்து போதும், நடுவில் ஒரு நூற்றொன்று, அவ்வளவுதான். அதிகாரியின் மூக்குக்கு முன்னால் உடைத்துக் காட்டியிருக்கலாம். நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தேநீரில் சர்க்கரை அதிகம் என்பதுகூட நினைவிருக்கிறது.

பத்து நாளில் பதில் வந்தது. மனு நிராகரிப்பு. ‘தேர்ச்சி பெற்ற விண்ணப்பதாரர் ஒருவரே விடையைச் சரிபார்த்து உறுதி செய்திருப்பதால்’ என்று ஒரு வரி. நகல் எனக்கும் தபாலில் வந்தது. நான் வீட்டில் இல்லை, மனைவி வாங்கிப் படித்திருக்கிறாள். நான் உள்ளே நுழைந்ததும் சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாள் கிடந்தது. பக்கத்தில் பென்சில்.

“என்னங்க இது?” என்றாள்.

“ஆபீஸ் விஷயம்.”

“அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க, அக்கா எப்படி உடைச்சாங்க பாரு, நூத்தியொண்ணுல போகுதுன்னு?”

அவள் நின்றபடியே அந்தத் தாளின் ஓரத்தில், என் பெயருக்குப் பக்கத்திலேயே, பெருக்கினாள். பள்ளிப் பிள்ளைகள் செய்வது போல ஒரு வரி, இரண்டு இடம் தள்ளி இன்னொரு வரி, அடியில் கோடு. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றும், ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரத்து நூறும். கூட்டினாள்.

“பத்து லட்சத்து ஒண்ணு. எட்டாங்கிளாஸோட நிறுத்தினவ நான். எனக்கே வருது. உங்களுக்கு வரலையா?”

“எனக்கு நிரந்தரம் போயிருக்கும்டீ! தொண்ணூத்தொம்பதுல அறுபத்தொம்பது, எழுபது வராது. புரியுதா? உனக்கும் பிள்ளைக்கும் சேத்துத்தான் போட்டேன் கையெழுத்து!”

“எங்க தலையில கட்டாதீங்க” என்றாள். “நாங்க உங்களைப் பொய் எழுதச் சொல்லல.” அன்று அவள் வைத்த சோற்றை நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஒரு வெள்ளைத் தாளில், தெரிந்தே பொய்யாகக் கொடுத்த என் உறுதிமொழியைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஓர் எழுத்தர் இருக்கிறார். வேலையில் சுத்தமான மனுஷர், வாயில்தான் விஷம். தாளை வாங்கிப் படித்துவிட்டு மேஜைமேல் போட்டார்.

“இப்ப வந்து என்ன பிரயோஜனம்? பந்தி முடிஞ்சப்புறம் இலையைத் தூக்கிட்டு வர்றீங்க.”

“இல்ல சார், கேள்வியை ரத்து பண்ணினா என் மார்க் போயிடும்னு பயந்துட்டேன். இப்ப போனாப் பரவாயில்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “யாரு ரத்து பண்றதாச் சொன்னது?”

“அதிகாரிதான்.”

எழுந்து போய் அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து வந்து என் முன்னால் பிரித்தார். அவருடைய கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது. தேதி, அதிகாரி என்னைக் கூப்பிட்ட நாளுக்கு இரண்டு நாள் முந்தியது. ‘மனுதாரர் கூறுவது சரி. நான்கு விடைகளும் தவறு. விதிப்படி தேர்வு எழுதிய அனைவருக்கும் இக்கேள்விக்கு ஒரு மதிப்பெண் வழங்கலாம். ஏற்கெனவே பெற்றவர்களின் மதிப்பெண் மாறாது.’ அடியில் அதிகாரியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடம் காலியாக இருந்தது.

“எங்க விதியில ரத்துங்கிறதே கிடையாது” என்றார் எழுத்தர். “எல்லாருக்கும் ஒண்ணு. அந்தம்மாவுக்கு எழுபது ஆயிருக்கும். உங்களுக்கு அதே எழுபது. யாருக்கும் ஒரு மயிரும் போயிருக்காது. பெரிய இடத்துல தப்புன்னு எழுதி அனுப்ப அவருக்குத் துணிச்சல் இல்ல. அந்தம்மா சொல்றது பொய்யின்னு எழுதித் தர ஒரு ஆள் தேடினார். நீங்க கிடைச்சீங்க.”

அந்த ஆள் தேநீர் கொடுத்தபோதே இந்தக் குறிப்பு அவர் மேஜையில் இருந்திருக்கிறது. நான் 69.69 பார்த்து நடுங்கியதை அவர் வேடிக்கை பார்த்திருக்கிறார். அவர் நாசமாய்ப் போகட்டும். ஆனால் விதி என்ன சொல்கிறது என்று வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க எனக்கு என்ன நோவு? ஒரு பயத்தைக் கையில் கொடுத்தார்கள், அதோடு நிறுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

“இதை வாங்கிக்கோங்க சார்” என்று என் தாளைக் காட்டினேன்.

“வாங்கறேன். ஆட்சேபத்துக்குக் கெடு நேத்தோட முடிஞ்சுது, அதனால அந்தம்மாவுக்கு இதனால ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு ஆகும். தெரிஞ்சே பொய் உறுதிமொழி கொடுத்ததா இதுல நீங்களே எழுதியிருக்கீங்க. வேலையை விட்டுத் தூக்குவாங்க. சீல் குத்தட்டுமா?”

முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் முத்திரையை வைத்துவிட்டு வேறு கோப்பைப் பிரித்தார்.

வருஷத்தின் கடைசி வேலைநாள், மத்தியானம். பொருள் அறையில் அக்கா சாமான்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொக்கி, டார்ச், ரப்பர் உறை ஒரு ஜோடி, அடையாள அட்டை. பொறுப்பாளர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு உள்ளே போனதும் நான் பக்கத்தில் போனேன். சொல்லிவிட்டேன். தேநீர், தட்டச்சுத் தாள், எழுத்தரின் குறிப்பு, என் சட்டைப் பையில் செத்துப்போன கடிதம், எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் டார்ச்சின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டார். அந்த நிதானம் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு செய்தவனுக்குத்தான் கோபம் முதலில் வரும் போலிருக்கிறது, நான் கத்த ஆரம்பித்தேன்.

“நீங்களும்தான்கா! அந்த ஒரு வட்டத்தைக் கறுத்துத் தொலைச்சிருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா? எல்லாரும் கறுத்தோமே! உங்களுக்கு மட்டும் அந்த எண் சரியா இருக்கணும். எண்ணுக்காக வீம்பு புடிச்சு வேலையை விட்டுட்டீங்க!”

அக்கா டார்ச்சைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

“எண்ணுக்காகன்னா நினைச்சே? எனக்கு வேலை வேணும்டா. நாளைக்குக் காலையில எந்திரிச்சு எங்க போறதுன்னு எனக்குத் தெரியல. அந்த எண்ணை நான் என்ன கட்டிக்கவா போறேன்? எனக்காகச் சாட்சி சொல்ல இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் வரல, நீயும் வரல. அது ஒண்ணுதான் வந்துச்சு. அதையும் பொய் சாட்சின்னு எழுதிக் கொடுத்துட்டியே!”

பொறுப்பாளர் ரசீதோடு திரும்பி வந்தார். அக்கா அதை வாங்கி, வரி வரியாகச் சரிபார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். எனக்கு நிரந்தர ஆணை மறுநாள் கைக்கு வந்தது.